அப்பாவின் சிலிண்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் அப்பா மூஞ்சியில் இருக்கும் ஆக்ஸிஜன் மாஸ்கைத் தூக்கிவிட்டு, "எங்கே, நிரூபி" என்பார். ரிட்டயரான கணக்கு வாத்தியாரை வீட்டில் வைத்துக்கொண்டு வாய் தவறி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அண்ணி, பிள்ளைகள் நலமாக இருக்கட்டும். உன் நலத்தை இன்றைக்கு விசாரிக்க மாட்டேன், கோபத்தில் இருக்கிறேன்.

காலையில் நர்ஸ் வந்து, அடுத்த சிலிண்டருக்குச் சொல்லிவையுங்கள் என்றாள். இது எத்தனை மணி நேரம் வரும் என்று தெரியாமல், படித்தவனாச்சே என்று உனக்குப் போன் போட்டேன். நீ வழக்கம்போல் நேராக விடைக்குத் தாவினாய். "ஆயிரத்து ஐந்நூறு லிட்டர், நிமிஷத்துக்கு ரெண்டு, பன்னிரண்டரை மணி நேரம் தாங்கும், சும்மா இரு." நானும் சும்மா இருந்தேன். சிலிண்டர்காரரிடம் சாயந்திரம் வந்தால் போதும் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன். அது முழுசாக இருந்தால்தானே ஆயிரத்து ஐந்நூறு? நேற்று ராத்திரியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற சிலிண்டரா என்று நீயும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அப்பாதான் படுத்தபடியே, "முள்ளு எங்கடி நிக்குது?" என்றார். சிலிண்டர் மீட்டரில் நூற்றைம்பதில் நிற்க வேண்டிய முள் அறுபதில் நின்றது.

உடனே சிலிண்டர்காரருக்குப் போன் பண்ணத்தானே வேண்டும்? அதுதான் இல்லை. "முதல்ல கணக்கைப் போடு, அப்புறம் அவன்கிட்ட பேசு" என்று கரும்பலகையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். முள் காட்டுவதைப் பத்தால் பெருக்கினால் லிட்டர், ஆக அறுநூறு. மணிக்கு நூற்றிருபது செலவு. நூற்றிருபது எக்ஸ் சமம் அறுநூறு என்று எழுதினேன். மாஸ்க் மேலே போனது. "எக்ஸ்னா யாரு? அறிமுகம் இல்லாம உள்ள விடாதே." சரி, தாங்கும் நேரம் எக்ஸ் மணி என்க என்று மேலே எழுதி, வகுத்து, ஐந்து என்றேன். மறுபடியும் மாஸ்க் மேலே. "அஞ்சு என்ன? ஆடா, மாடா? அலகு எங்கே?" ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை மாஸ்க் தூக்கினால் மனுஷன் எப்படி மூச்சு விடுவார்? "மணி நேரம் அப்பா, மணி நேரம்" என்று கத்திய பிறகுதான் மாஸ்க் கீழே வந்தது. நீ போட்ட கணக்கைச் சொன்னேன். "அவன் தப்பா போடல, நீ கேள்வியைத் தப்பா சொல்லியிருக்கே" என்றார். பிள்ளை என்றால் அவருக்கு எப்போதுமே முழு மார்க்கு. பீ துடைக்கிறவளுக்குப் படிக்கு அரை மார்க்குக் குறையும்.

இந்தக் கூத்திலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. நர்ஸ் திரும்பி வந்து, ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப்பை விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, நிமிஷத்துக்கு இரண்டு லிட்டரை நாலாக்கிவிட்டாள். என் அஞ்சு போச்சு. அப்பா முகத்தில் ஒரு சந்தோஷம். "இப்பதான் கணக்கு சூடு பிடிக்குது, மீதியிலேர்ந்து போடு." நானூற்றெண்பது, மணிக்கு இருநூற்று நாற்பது. இரண்டு. மணி நேரம். சொல்லிவிட்டேன், அலகோடு. சிலிண்டர்காரரோ, "நீங்கதானேம்மா சாயந்திரம் போதும்னீங்க, வண்டி வெளியூர் போயிருக்கு" என்கிறார். என் வீட்டுக்காரர் தண்ணீர் கேன் போடுபவரின் வண்டியை வாங்கிக்கொண்டு கிடங்குக்கே ஓடினார். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடி ஏறி வந்தால், திறக்கிற ஸ்பேனரைக் காணோம். கடைசியில் அது கரும்பலகை சாயாமல் இருக்க நானே அடியில் முட்டுக் கொடுத்தது. எடுத்தேன், பலகை சாய்ந்தது, பழைய சிலிண்டரின் முள்ளும் பூஜ்யத்தில் சாய்ந்தது. உதடெல்லாம் நீலம் பாரித்த அப்பா, "பாத்தியா, மீதியில்லாம வகுபட்டுடுச்சு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அந்த அவசரத்தில் ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டேன்.

புது சிலிண்டர் ஓடுகிறது. அதனால் நீ வரவேண்டாம். லீவு கிடைக்கவில்லை, அடுத்த மாதம் பார்க்கிறேன் என்று இழுத்தாயே, தாராளமாகப் பார். இங்கே விடை சொல்ல ஆள் அதிகம், கட்டிலைப் பிடித்துத் தூக்கத்தான் ஆள் இல்லை. போனும் பண்ணாதே.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி அவர்களை வதைக்காதே.

இப்படிக்கு,
கணக்கு வராத தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அப்பா கூப்பிட்டார். "அவன் வர இன்னும் எவ்வளவு?" என்றார். நீ புறப்படவே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? வாயில் வந்ததைச் சொன்னேன், "அஞ்சு." அஞ்சு என்ன என்று அவர் கேட்கவில்லை, அண்ணா. மாஸ்கைத் தூக்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தபால் வந்து சேரும்வரை பொறுக்க முடியாது, இதைப் படமெடுத்துப் போனிலேயே அனுப்புகிறேன். வரவேண்டாம் என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டேன். லீவு கேட்டுக்கொண்டு நிற்காதே. கிளம்பி வா.