இரண்டு கோப்பைக் காப்பியும் ஓர் எண்ணெய்த் திருடனும்

அன்புத் தங்கை நஜ்லாவுக்கு மேல் தெருவிலிருந்து அண்ணன் மித்ஹத் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் முட்டிவலியும் சேர்ந்து நலமாக இருக்கிறோம். அம்மானில் நீயும் மச்சான் ஸப்ரியும் அவருடைய பலகாரக் கடையும் குறைவில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், எனக்குக் கோபம் வரும், போனை வைத்துவிடுவேன், பிறகு ஒரு மாதம் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்போம். கடிதத்தில் அந்த வம்பு இல்லை.

விஷயம் முஹன்னத்தைப் பற்றியது. ஆமாம், பக்கத்து வீட்டு உம்மு முஹன்னத்தின் பிள்ளைதான். போன அறுவடையில் வருஷத்துக்கு வேண்டும் என்று நான் அடுக்கி வைத்திருந்த ஆலிவ் எண்ணெய் டின்களை, நான் தொழப் போன நேரம் பார்த்துக் கூட்டாளியின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனானே, அதே புண்ணியவான். கூட்டாளி தப்பித்துவிட்டான், இவன் மாட்டிக்கொண்டான். திரும்பக் கிடைத்தது ஒரே ஒரு டின். அதை அடையாளம் காட்ட ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஏட்டு ஷுக்ரி, "ஹாஜி, இது உங்க எண்ணெய்தான்னு எப்படிச் சொல்றீங்க? பேரா எழுதியிருக்கு?" என்றார். "நாக்குல வச்சுப் பாருங்க ஐயா, கடைசியில தொண்டையில லேசா காறும். அது எங்க சரிவு மரத்துக்கு மட்டும்தான்" என்றேன். மனிதர் நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒருவர் சொன்னால் போதாது என்று இன்னொரு போலீஸ்காரரைக் கூப்பிட்டார். அவர் வெறும் எண்ணெயில் தெரியவில்லை என்று ரொட்டி கொண்டுவந்தார். யாரோ மேசை டிராயரிலிருந்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஸஅதர் பொடியை எடுத்தார்கள். என்னுடைய எண்ணெய்தான் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தபோது சாட்சியம் பாதி டின்னாகியிருந்தது. நானும் இரண்டு ரொட்டி சாப்பிட்டேன், பொய் சொல்வானேன்.

அவனை உள்ளே போட்டார்கள். தெருவே எனக்குச் சோறு ஆக்கிப் போட்டது. திருட்டுக் கொடுத்தவன் என்றால் என்ன மரியாதை என்கிறாய்! ஆனால் அவன் அம்மாவுக்கு நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை நஜ்லா. ரொட்டிக் கடையில் வரிசையில் முதலில் நிற்பவளுக்குக் கடைக்காரன் கடைசியாகக் கொடுப்பான். அவள் ஸலாம் சொன்னால் பெண்கள் காதில் விழாத மாதிரி பையைத் துழாவுவார்கள். திருடியது மகன், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாக நடந்தது அவள். பறிகொடுத்த எனக்கே பாவமாக இருந்தது, பறிகொடுக்காதவர்களுக்கு அப்படி என்ன ஆத்திரமோ தெரியவில்லை.

அப்புறம் பொது மன்னிப்பு வரப்போகிறது என்று டிவியில் சொன்னார்கள். அவ்வளவுதான், மருந்துக்கடை ஃபக்ரிக்குத் தூக்கம் போய்விட்டது. "கதவைத் தொறந்து விடப்போறாங்க ஹாஜி! அத்தனை பேரும் நேரா நம்ம தெருவுக்குத்தான் வரப்போறானுங்க" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். அவர்களுக்கு வேறு தெருவே கிடையாதா என்று கேட்டதற்கு நான் விளையாட்டாகப் பேசுகிறேனாம். கடைக்கு எத்தனை பூட்டுப் போட்டார் என்றால், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தவன் அவர் திறந்து முடிப்பதற்குள் வேர்த்துக் காய்ச்சல் விட்டு வீட்டுக்குப் போய்விட்டான். இதில் என் தலையில் விழுந்தது என்ன தெரியுமா? பறிகொடுத்தவன் மன்னித்தேன் என்று கோர்ட்டில் சொன்னால்தான் இந்த மாதிரி திருடனை விடுவார்களாம். நான் சொன்னால் முஹன்னத் வெளியே, சொல்லாவிட்டால் உள்ளே. ரேடியோ அலைவரிசை மாற்றவே இரண்டு நாள் யோசிக்கிறவன் நான், என்னிடம் வந்தா இதைக் கொடுப்பது!

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உம்மு முஹன்னத்துக்காகப் பேச ஷேக் துர்கி பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு முறைப்படி என் வீட்டுக்கு வந்தார். அது காதில் விழுந்து ஃபக்ரியும் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு அதே நேரத்துக்கு வந்து சேர்ந்தார். வாசலில் "நீங்க போங்க", "இல்லை, நீங்க போங்க" என்று ஒரே உபசாரம். உள்ளே வந்தபின் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முடிவெட்டுகிற நவ்ஃபலை இரண்டு பக்கமும் கூப்பிட்டிருந்ததால் அவன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டினான். நான் காப்பி ஊற்றினேன். ஷேக் துர்கி கோப்பையை வாங்கினார், கீழே வைத்தார். "மித்ஹத், நாங்க கேட்டு வந்தது கெடைக்காம இதைக் குடிக்க மாட்டோம். அந்தப் புள்ளைய மன்னிச்சு விடு" என்றார். ஃபக்ரி விடுவாரா? தன் கோப்பையையும் டக்கென்று கீழே வைத்தார். "நாங்களும் குடிக்க மாட்டோம். மன்னிக்க மாட்டேன்னு வாக்குக் குடுங்க!"

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? வீட்டுக்காரன் "காப்பி குடிங்க" என்றால் கேட்டதைக் கொடுத்தாயிற்று, அதற்குமேல் பத்திரமும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். இத்தனை வயதில் ஒரே வீட்டில் இரண்டு கோப்பை எதிரெதிராக உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லை. நவ்ஃபல் தொண்டையைச் செருமினான். காப்பியில் ஆவி அடங்கிக்கொண்டே வந்தது. விருந்தாளி முன்னால் காப்பி ஆறுகிறது என்றால் நம் அம்மா வளர்த்த பிள்ளைக்கு எப்படி இருக்கும் சொல்! என் வாய் அதுபாட்டுக்குத் திறந்து, "அட, ஆறிப்போகுது, காப்பி குடிங்க!" என்றுவிட்டது.

இரண்டு பேரும் ஒரே மடக்கில் குடித்தார்கள்! "அல்லாஹ் உன் முகத்தை வெளுப்பாக்கட்டும்" என்று வாழ்த்தி ஷேக் துர்கி என் தலையில் முத்தம் வைத்தார். "ஆம்பளைன்னா இவரு!" என்று ஃபக்ரி என் தோளில் தட்டினார். நவ்ஃபல் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வாழ்த்துச் சொன்னான். அதன் பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. ஃபக்ரிக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "எங்களைப் பார்த்துத்தானே சொன்னீங்க ஹாஜி?" என்றார். "முதல்ல வச்ச கோப்பைக்குத்தான் பதிலு. நாங்கதான் முதல்ல வச்சோம்" என்றார் ஷேக். "அப்படின்னா நான் குடிச்சது?" "அது வெறும் காப்பி தம்பி. நல்லாத்தானே இருந்துச்சு?" ஃபக்ரி என்னிடம் ஸலாம்கூடச் சொல்லாமல் எழுந்து போனார்.

வாய் தவறியதை எல்லாம் கணக்கில் எடுப்பார்களா என்று ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டுக்கே போனேன், திருத்திச் சொல்லத்தான் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா, "மன்னிச்சீங்களா இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லுங்க ஹாஜி, பின்னால ஆளு நிக்குது" என்றார். அந்த நேரம் பார்த்து முஹன்னத்தைக் கொண்டுவந்தார்கள். ஆள் பாதியாக இருந்தான். சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. "மாமா, இந்த முட்டியோட இவ்வளவு படி ஏறியா வந்தீங்க? வீட்டுக்கு கேஸ் சிலிண்டரை இப்ப யாரு தூக்கித் தர்றா?" என்றான். எனக்கு வந்ததே ஆத்திரம்! "திருட்டுப் பயலே, என் சிலிண்டரைப் பத்தி உனக்கு என்னடா?" என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தானே மாமா எப்பவும் தூக்குவேன்" என்றான். நான் குமாஸ்தா பக்கம் திரும்பிக்கொண்டேன் நஜ்லா. கையெழுத்தை எங்கே போட வேண்டும் என்று கையால் கேட்டு, போட்டுவிட்டு வந்தேன். இதை நீ பெருமையாக யாரிடமும் சொல்லாதே. கோபத்தில் போட்ட கையெழுத்து அது.

ஆனால் ஒன்று, மன்னிப்பது வேறு, முகத்தில் முழிப்பது வேறு. அதில் நான் உறுதியாக இருக்கிறேன். அவன் வெளியே வந்தால் என் வாசற்படியை மிதிக்கக் கூடாது. நான் அவனோடு பேசவும் மாட்டேன். ஃபக்ரியிடமும் இதைச் சொல்லிவிட்டேன், மனிதர் கொஞ்சம் சமாதானமாகி எனக்கு முட்டித் தைலத்தில் தள்ளுபடி கொடுத்தார். நீயும் ஜாக்கிரதையாக இரு. அம்மான் பெரிய ஊர், வெளியே வந்தவர்கள் எல்லாம் அங்கேதான் வேலை தேடி வருவார்களாம். முன்பின் தெரியாத வாலிபன் மணி அடித்தால் கதவுச் சங்கிலியை எடுக்காதே. என் பெயரைச் சொன்னாலும் நம்பாதே.

அல்லாஹ் உன் வீட்டில் பரக்கத்தைப் பொழியட்டும். மச்சானுக்கு என் ஸலாம். அவர் சர்க்கரையைக் குறைக்கட்டும், வாடிக்கைக்காரர்களுக்கு அல்ல, தனக்கு.

இப்படிக்கு உன் அண்ணன்,
மித்ஹத்

பின்குறிப்பு: மேலே உள்ளது வியாழக்கிழமை எழுதியது. இன்று சனிக்கிழமை. வியாழன் சாயங்காலம் அவன் வந்துவிட்டான். அம்மாவைப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து, சிலிண்டரை மேலே ஏற்றி வைத்தான். அப்புறம் சாப்பிடாமல் எப்படி அனுப்புவது? அந்தக் காப்பி விஷயத்தில் வாய் தவறிவிட்டது என்று எழுதினேன் அல்லவா, தவறவில்லை. அன்றைக்கு அவன் அம்மா உள்ளே வரத் துணியாமல் வெளியே படியில் நின்று ஜன்னல் வழியாக அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். இந்தத் தெருவில் இப்போதைக்கு அவனுக்கு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். மச்சான் கடையில் ஆள் பற்றவில்லை என்று நீதானே சொன்னாய்? இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிறானே, அவன்தான் முஹன்னத். சங்கிலியை எடு. உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடு. ஒன்று மட்டும் கவனி. சாப்பாட்டைக் கண்டால் எழுந்து நின்றுகொள்கிறான், யாராவது சொல்லும் வரை உட்கார மாட்டேன் என்கிறான், ஜெயிலில் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள் போல. நீ உட்காரச் சொல்லு நஜ்லா.