முதுகு வளையாத இங்கிலீஷ்

தூத்துக்குடி,
சுபானு வருஷம், மாசி மாதம்.

மரியாதைக்குரிய மச்சான் அய்யாக்குட்டி அவர்களுக்கு, கருப்பட்டி மண்டி மந்திரமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம். அங்கு நீரும் என் அக்காள் சீனித்தாயும் மருமகன் செந்தில்வேலும் சுகமாயிருப்பதை, இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறீர்கள் என்பதால், கேட்காமலே அறிவேன்.

நேற்று நீர் ஆள்விட்டுச் சொன்ன சேதி வந்தது. வரவேற்பு மேடையில் நடந்ததற்காக வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் நான் கைகட்டி நின்று உம்மிடம் மன்னிப்புக் கேட்டால்தான் உம்முடைய மகனுக்கும் என் மகள் செண்பகத்துக்கும் பேசி வைத்த கல்யாணம் நடக்கும், இல்லையென்றால் இல்லை. கேட்க மாட்டேன். ஏன் மாட்டேன் என்பதையும் வாசித்துக்கொள்ளும்.

புதிதாக வந்த வெள்ளைக்கார சப்ளை ஆபீசருக்கு வரவேற்பு, சங்கத் தலைவர் நான், ஆகவே நான்தான் இங்கிலீஷில் வாசித்து ஊருக்குக் கூடுதல் சீமெண்ணெய் கேட்க வேண்டும் என்று வரவேற்புப் பத்திரம் எழுதிக் கொடுத்தது யார்? நீர். உச்சரிப்பு சொல்லித்தர பிளாரன்ஸ் டீச்சரை என் கடைக்கு அனுப்பியது யார்? அதுவும் நீர். வேலியில் போன ஓணானை எடுத்து நீரே வேட்டிக்குள் விட்டுவிட்டு இப்போது குடையுதே என்றால் நான் என்ன செய்ய?

அந்தப் பிள்ளை முதல் நாளே என்னை உட்கார விடவில்லை. "அண்ணாச்சி, நாக்கை மட்டும் வச்சு இங்கிலீஷ் பேச முடியாது. உடம்பு பூராவும் பேசணும். என்ன சொல்லுதோம்னு தெரிஞ்சு பேசணும்" என்றது. 'வெல்கம்' என்றால் வாங்க என்று அர்த்தம், அதனால் ரெண்டு கையையும் விரித்து ஒரு எட்டு முன்னால் வைத்துச் சொல்லணுமாம். சொன்னேன். கருப்பட்டிச் சிப்பம் ரெண்டு சரிந்தது, கால்படி நல்லெண்ணெய் வாங்க வந்த பேச்சித்தாய் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள், மறுநாள் அவள் புருஷன் வந்து, "அண்ணாச்சி, ஒம்ம வயசுக்கு இது நல்லால்ல" என்றான். நான் விடவில்லையே. 'ஹ' என்ற சத்தம் எனக்கு வரவே இல்லை, டீச்சர் சும்மா இருக்காமல் ஒரு அரிசி மூட்டையை என் தோளில் ஏற்றச் சொன்னாள், பத்தடி நடந்து இறக்கிப் போட்டதும் வாயிலிருந்து 'ஹா' என்று தானாக வந்தது, "அதுதான் அண்ணாச்சி, பிடிச்சிக்கிடுங்க" என்றாள். இப்படி ஒவ்வொரு சொல்லாக உடம்பில் ஏற்றிக்கொண்டு வந்தவன் ஒரே ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். 'ஹம்ப்ளி பெக்' என்று எழுதியிருந்தீரே, அந்த இடத்தில்.

அர்த்தம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. முதுகை வளைத்து, கையை ஏந்திக் காட்டினாள். பூபாலராயர்புரத்துச் சந்தையில் பிச்சைக்காரன் நிற்பானே, அதே நிலை. நானும் குனிந்து பார்த்தேன், ஏந்த வேண்டிய கை துண்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. சத்தம் தொண்டையோடு நின்றுபோயிற்று. "அண்ணாச்சி, ஒடம்பு மாட்டேங்குது. அப்ப நாக்கு மட்டும் என்ன செய்யும்?" என்றாள் டீச்சர். உமக்கு மட்டும் அந்தச் சொல் எப்படித் தேனாட்டம் வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அர்த்தமும் தெரியாது, முதுகெலும்பும் கிடையாது.

வரவேற்பு அன்று நடந்ததை நீர் ஊரெல்லாம் திரித்துச் சொல்லுகிறீர். நான் கையை விரித்து 'வெல்கம்' என்றதும் துரை தழுவத்தான் கூப்பிடுகிறேன் என்று நேரே வந்து தழுவிக்கொண்டார். அது அவர் குணம். அப்புறம் உம்முடைய பிச்சைக்கார வரியை விட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, காலை ஓங்கி ஊன்றி, 'வீ வான்ட் கெரசின்' என்றேன். எங்களுக்குச் சீமெண்ணெய் வேண்டும். எவ்வளவு சுத்தமான சொல் பாரும். ஊன்றியதில் மேடைப் பலகை பிளந்து, மாலையோடு பின்னால் நின்ற உம்முடைய கால் முட்டி வரைக்கும் உள்ளே போனதற்கு என் இங்கிலீஷ் காரணமல்ல. பலகை உம்முடைய தம்பி கடைப் பலகை. துரை சிரித்துவிட்டுத்தான் போனார். சீமெண்ணெய் வந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். வரவில்லை.

ஆகவே மச்சான், மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்வதற்கில்லை. மனசில் இல்லாதது முதுகில் வராது, முதுகில் வராதது வாயில் வராது. சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்ல ஆள் வேண்டுமானால் கிளி வளர்த்துக்கொள்ளும். என் மகளுக்கு ஆயிரம் மாப்பிள்ளை.

அக்காளுக்கு என் நமஸ்காரம். மருமகனுக்கு, இன்னும் மருமகன்தான் என்றால், என் ஆசீர்வாதம். அடிபட்ட உம்முடைய காலுக்கு வேப்பெண்ணெய் தடவவும்.

இப்படிக்கு,
யாருக்கும் குனியாத
மந்திரமூர்த்தி

பி.கு.: இனிமேல் வருவது செண்பகத்தின் கையெழுத்து, நான் சொல்ல அவள் எழுதுகிறாள். தபாலில் போடக் கொடுத்த கடிதத்தை அவள் பிரித்து வாசித்துவிட்டாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அழவில்லை. எனக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, "எனக்கு அத்தானைப் பிடிச்சிருக்குப்பா" என்றாள். தலையைத் தாழ்த்தவில்லை, குரல் கொஞ்சமும் இடறவில்லை, காலிலிருந்து உச்சி வரைக்கும் உடம்பு அதையேதான் சொன்னது. பிளாரன்ஸ் டீச்சர் கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு கொடுத்திருப்பாள். உள்ளறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நானும் சொல்லிப் பார்த்தேன். "மன்னிச்சிரும் மச்சான்." முதுகு தானாகக் குனிந்தது. சத்தம் மணி மாதிரி வந்தது. வந்த வேகத்தில் இடுப்பும் பிடித்துக்கொண்டது, இன்னும் நிமிர முடியவில்லை. யுத்த காலத்தில் வேறு காகிதத்துக்கு எங்கே போக, அதனால் மேலே எழுதியதை எழுதாததாகப் பாவித்து, கல்யாணத்துக்கு நாள் குறிக்க அக்காளோடு உடனே வரவும். வரும்போது நான் குனிந்தே இருப்பேன். அதைப் பார்த்து ரொம்பவும் பூரிக்க வேண்டாம். பாதிதான் மன்னிப்பு, மீதி இடுப்புப் பிடிப்பு.