வாத்தியார் பக்கத்து பிரேக்

தெரு முனையைத் தாண்டுவதற்குள் கார் மூன்றாவது தடவையாக நின்றது.

"இப்ப எதுக்குப்பா மிதிச்சீங்க?"

"முக்கியமான விஷயம், நின்னு கேளு பாப்பா. காலையில எழுந்ததும் போனைத் தொடக் கூடாது. முதல்ல ஜெபம்."

"இதை வாசல்லயே ரெண்டு தடவை சொல்லிட்டீங்க."

சொல்லியிருந்தார்தான். அதற்கு மேல் சொல்ல அவருக்கு ஒன்றும் வரவில்லை. பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்தே காலம் தள்ளிய மனிதர். ஊரில் 'பிரேக் வாத்தியார்' என்றால்தான் தெரியும். பேசுகிற வேலையெல்லாம் மனைவியுடையது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த மகராசி, "பிள்ளை காலேஜுக்குப் போறப்ப நல்லதா நாலு வார்த்தை சொல்லி, தலையில கை வெச்சு ஜெபம் பண்ணி அனுப்புங்க. சும்மா அனுப்பிடாதீங்க" என்றாள். அதுதான் அவள் கடைசியாக அவரிடம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் கார் சொல்லிக்கொடுக்கவில்லை. வண்டி வாசலிலேயே கிடந்தது. புதிதாக லைசென்ஸ் வாங்கிய மகள்தான் எப்போதாவது கடைவரைக்கும் எடுத்துப் போய் வந்தாள். இன்று காலேஜ் ஹாஸ்டலுக்கும் அவளே ஓட்டினாள்.

நாலு வார்த்தைக்காகப் போதகரிடம் போய் நின்றார். அவரும் பெரிய மனது பண்ணி விரலுக்கு ஒன்றாக எண்ணிச் சொல்லிக்கொடுத்தார். இவரும் பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி உருப்போட்டார். காரில் ஏறியதும் முதல் விரலைத் தவிர எல்லாம் மறந்துவிட்டது.

நெடுஞ்சாலையில் ஏறியதும் இரண்டாவது விரல் ஞாபகம் வந்தது. மறந்துவிடுமோ என்ற பயத்தில் கால் தானாக மிதித்தது. பெடல் என்னவோ தொளதொளவென்று இறங்கியது. ஆறு மாதமாக எனக்கும்தான் எல்லாம் தொளதொளத்துப் போச்சு என்று நினைத்துக்கொண்டார். கார் மட்டும் சமர்த்தாக ஓரமாய்ப் போய் நின்றது. எங்கே மிதித்தாலும் பத்திரமான இடமாகப் பார்த்து நிற்கிறது, எல்லாம் தன் கால் ராசி என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது.

"ரோட்டைப் பாரு. என் காலை ஏன் பாக்குறே?"

"சும்மாதான்பா. சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குப் போகாம இருக்காதே. தூக்கம் வருது, தலை வலிக்குதுன்னு சாக்குச் சொல்லாதே."

"சரிப்பா. மூணு மணிக்குள்ள ஹாஸ்டல்ல இருக்கணும்ப்பா."

அதற்குள் பின்சீட்டில் எதுவோ உருண்டது. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் பாட்டில் மூடி கழன்று, மனைவியின் பைபிள்மேல் பாதி கொட்டியிருந்தது. மகளிடம் கொடுத்தனுப்புவதற்காக அவரே துணியில் சுற்றி வைத்த பைபிள். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ ஓட்டு, நான் துடைச்சுடுறேன்" என்று பின்பக்கம் திரும்பிக்கொண்டு, துண்டால் ஒவ்வொரு பக்கமாக ஒற்றினார். துடைக்கத் துடைக்க எண்ணெய் அடுத்த அதிகாரத்துக்குப் பரவியது.

"நல்ல சிநேகிதம் வெச்சுக்கோ பாப்பா. அதுதான் மூணாவது" என்றபடி நிமிர்ந்தவர், முன்னால் போன வேன் சட்டென்று நிற்பதைப் பார்த்தார். "ஐயோ ஆண்டவரே!" என்று பெடல்மேல் ஏறி நின்றார்.

கார் மயிரிழையில் நின்றது. பின்னால் வந்த காரால் நிற்க முடியவில்லை. டமார்!

டிக்கி நசுங்கி, அவளுடைய பெட்டியைக் கவ்விக்கொண்டது. பின்கார்க்காரர் இறங்கி வந்தார்.

"இப்படியா திடுதிப்புன்னு நிறுத்துவீங்க?"

"பிள்ளைக்குப் புத்தி சொல்லிட்டிருந்தேன்."

"வீட்ல இருந்த இத்தனை வருஷமும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

வாத்தியார் முன்னால் நின்ற வேனையே பார்த்தார். தான் மட்டும் மிதிக்காமல் இருந்திருந்தால்? நாளை முதல் இவள் பக்கத்தில் உட்கார்ந்து யார் மிதிப்பார்கள்?

அருகில் இருந்த பட்டறையில் டிக்கியை நெம்பித் திறப்பதற்குள் மணி இரண்டாகிவிட்டது. பெட்டி வெளியே வந்ததும் அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"காலேஜும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டுக்குப் போவோம். நம்ம ஊர்லயே ஏதாவது படிச்சுக்கலாம்."

"அப்பா..."

"இன்னிக்கு நான் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்? சொல்லு!"

அவள் எதுவோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள். எதிரில் பஸ் வந்து நின்றது.

"இதுல போனா மூணு மணிக்குள்ள போயிடலாம்ப்பா. அம்மா பண்ணச் சொன்ன ஜெபத்தைப் பண்ணி அனுப்புங்க" என்று அவர் முன்னால் தலையைக் குனிந்தாள்.

எண்ணெய்க் கையை அவள் தலையில் வைத்தார். கண்ணை மூடினார். "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். கடைசியில் வாயிலிருந்து வந்தது, "ரெண்டு பக்கக் கண்ணாடியையும் பாத்துப் போ" என்பதுதான்.

"ஆமென்" என்றாள் மகள். எண்ணெய் பைபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பெட்டியோடு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸ் மறைந்த பிறகும் அவர் அங்கேயே நின்றார். மனைவி கேட்ட ஒரே காரியத்தையும் கெடுத்தாயிற்று. பிரேக் இல்லாத வண்டியைப் பள்ளத்தில் உருட்டி விட்டவனைப் போலப் பட்டறைக்குத் திரும்பினார்.

"என் பக்கத்துப் பெடலையும் கொஞ்சம் பாத்துடுங்க" என்றார் பட்டறைக்காரரிடம். "தொளதொளன்னு இருக்கு. ஆனா இன்னிக்கு வழியெல்லாம் அதுதான் எங்களைக் காப்பாத்திச்சு."

பட்டறைக்காரர் டார்ச்சோடு குனிந்து உள்ளே பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டே வெளியே வந்தார்.

"சார், உங்க பக்கத்துக் கம்பி அறுந்து துருவே ஏறிப்போச்சு. இன்னிக்கு வழியெல்லாம் பிரேக் போட்டது உங்க பொண்ணுதான்."