வடக்கு மதிலடி விருந்து

குன்றாபுரி நாட்டில் ஒரு கோட்டை இருந்தது. சுற்றியிருந்த நாடுகளில் பழைய மதில்களும் துறவியர் மடங்களும் போரிலும் நெருப்பிலும் போய்விட, இது மட்டும் ஐந்நூறு ஆண்டுகளாக விழாமல் நின்றது. சொல்லிக்கொள்ளும்படி வேறெதையும் செய்யாத அரசாங்கம் நாட்டின் பெருமை முழுவதையும் அந்தக் கோட்டையின் தலையில் ஏற்றி வைத்தது. பாரம் தாங்காமலோ என்னவோ, வடக்கு மதிலில் விரிசல் விட்டது.

மதிலை ஒட்டிய தெருவில் ஆப்பம் சுட்டு விற்றுவந்த அலங்காரிதான் அதை முதலில் பார்த்தாள். அப்போது விரல் நுழைந்தது. மழைக்குப் பிறகு கையே நுழைந்தது. வீட்டுக்குள் மகள் பொன்மயில் நிறைமாதமாக இருந்தாள். அலங்காரி உடனே போய் ஒரு பனைமரத் துண்டை வாங்கிவந்து மதிலுக்கு முட்டுக் கொடுத்தாள்.

மறுநாளே பெருமைத் துறை அமைச்சர் வந்துவிட்டார்.

"அம்மணி, ஐந்நூறு ஆண்டு நின்ற மதிலுக்கு ஓர் ஆப்பக்காரியின் ஆதரவு தேவைப்படுகிறது என்று உலகம் நினைக்காதா?"

"உலகம் நெனைக்கிறது இருக்கட்டுங்க ஐயா. பொளந்துகிட்டு வருதே, பாருங்க!"

"அது பிளவு அல்ல. புராதனம்."

முட்டு பிடுங்கப்பட்டது. மதிலுக்கு முட்டுக் கொடுப்பது தேசத்தை அவமதிப்பது என்று மாலைக்குள் சட்டம் வந்தது. அதைக் கேட்டு இரண்டு குடும்பங்கள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு கிளம்பின. உடனே அடுத்த சட்டம்: மதிலடி வீட்டைக் காலி செய்பவர் மதிலைச் சந்தேகிப்பவர், மதிலைச் சந்தேகிப்பவர் துரோகி. தெருமுனையில் காவல் போட்டார்கள். மகளைத் தன் தங்கை வீட்டுக்கு அனுப்ப வண்டி பிடித்த அலங்காரியை அங்கேயே மடக்கித் திருப்பிவிட்டார்கள். காரை உதிரும் சத்தம் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தூக்கமே போய்விட்டது.

தேர்தல் நெருங்கியது. குன்றாபுரியில் மன்னரையும் மக்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்; நிற்பவர் ஒருவரே என்றாலும் அந்த மரியாதையை விட்டுவிட முடியுமா? மதில்மேல் தமக்குள்ள நம்பிக்கையை நிரூபிக்க, மன்னர் மதிலடியில் ஓர் ஏழை வீட்டில் உணவருந்துவார் என்று முரசறைந்தார்கள். அந்த வீடு அலங்காரியுடையது.

அன்று பொழுது விடிவதற்குள் மதில் நெடுக இரும்பு முட்டுகள் முளைத்திருந்தன, பூமாலை சுற்றி. அலங்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். இனி மகள் பிழைத்துக்கொள்வாள் என்று அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

மன்னர் பல்லக்கில் வந்து இறங்கினார், உட்கார்ந்தார், இரண்டாவது ஆப்பத்தைப் பிய்த்தார். வெளியே கணீர் கணீரென்று இரும்புச் சத்தம். அலங்காரி எட்டிப் பார்த்தாள். தெருக்கோடியிலிருந்து ஆட்கள் முட்டுகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

"ஐயா, அதையெல்லாம் எங்க கொண்டு போறாங்க?"

அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். "மாலையில் மன்னர் மலையடித் தேவாலயத்தில் வழிபடுகிறார். அங்கும் கோபுரம் சற்றுப் புராதனமாக இருக்கிறது. நாட்டில் இருப்பதோ இந்த முட்டுகள் மட்டும்தான்."

தேங்காய்ப்பாலில் பொடிப்பொடியாகக் காரை விழுந்தது. மன்னர் கூரையைப் பார்த்தார். பிறகு அலங்காரியைப் பார்த்தார். மனிதருக்கு எல்லாம் தெரியும் என்பது முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியோடு வாசலை மறித்து நின்றாள்.

"நீங்க இருக்கிற வரைக்கும்தான் இந்த வீட்டு முட்டு இருக்கும், மகாராஜா. உட்காருங்க, இன்னும் ரெண்டு வைக்கிறேன்."

"எனக்குப் போதும், அம்மா."

"எம் பொண்ணு உள்ள படுத்திருக்கா. எங்களுக்குப் போதலையே!"

மேலே ஒரு கல் நகர்ந்தது. மன்னர் எழுந்து, அவளை ஒரே இடியில் தள்ளிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் ஓடினார். அவரைக் கண்டு அமைச்சர் ஓடினார். அமைச்சரைக் கண்டு காவலர்கள் ஓடினார்கள். காவல் இல்லாத தெருமுனை வழியாகத் தெருவே ஓடியது. அலங்காரி மகளைத் தாங்கிவந்து, வாசலில் நின்ற பல்லக்கில் கிடத்தினாள். "தூக்குங்கடா!" என்று அலறினாள். பாரம் ஏறினால் தூக்குவதே பழக்கமாகிவிட்ட பல்லக்குத் தூக்கிகள், யார் எவர் என்று பார்க்காமல் தூக்கிக்கொண்டு பறந்தார்கள்.

அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் மதில் விழுந்தது. வீடும் ஆப்பச்சட்டியும் மண்ணோடு மண். பொன்மயிலுக்குப் பல்லக்கிலேயே பெண் குழந்தை பிறந்தது.

மறுநாள் அரசிதழ் வெளிவந்தது: "ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்த மன்னர், தாமே முன்னால் ஓடி மக்களை வழிநடத்தினார். கர்ப்பிணிக்குத் தம் பல்லக்கையே ஈந்தார்."

கிழக்கு மதிலடித் தெருவில் அதை வாசிக்கக் கேட்டவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் மதிலும் ஒரு வாரமாக உதிர்ந்துகொண்டிருந்தது. எல்லோருமாகச் சேர்ந்து நேராக அமைச்சரிடம் போனார்கள்.

"எங்க தெருவுக்கு மகாராஜா எப்பங்க சாப்பிட வருவாரு?"