மாமியாரை விலக்கினால் எடை இறங்கும்

என் தொப்பைக்குக் காரணம் நான் அல்ல. இதைச் சொன்னது ஓர் உணவு நிபுணர். மூட்டு வலிக்குப் போன இடத்தில் டாக்டர் அவரிடம் அனுப்பிவைத்தார். "மனசுல டென்ஷன் ஏறினா கை தானா தின்பண்டத்துக்குப் போகும். எது உங்களைப் படுத்துதோ, அதை விலக்குங்க. மெதுவா மென்னு சாப்பிடுங்க" என்றார் அந்த அம்மாள். தெய்வ வாக்கு!

வீட்டில் என் மனைவி தினெக்கே ஏற்கெனவே கெடு வைத்திருந்தாள். கோடைக்குள் எடை இறங்காவிட்டால் தினமும் காலிஃபிளவர் சூப்தான்.

"தினெக்கே, என் டென்ஷன் எதுன்னு கண்டுபிடிச்சுட்டேன். உங்கம்மா."

"எங்கம்மா உங்களை என்ன பண்ணாங்க?"

"ஞாயித்துக்கிழமை தவறாம வர்றாங்களே, போதாதா?"

"சரி, இனிமே வரமாட்டாங்க."

அவ்வளவுதான். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. வெற்றி!

முதல் ஞாயிறு நிம்மதி. அடுத்த ஞாயிறு நாக்கு நமநமத்தது. அத்தை வந்தால்தானே அவர் கையால் செய்த, பட்டை மணக்கும் ஆப்பிள் கேக்கும் வரும்! அடடா, குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீரோடு குழந்தையையும் கொட்டிவிட்டேனே!

காரை எடுத்தால் தினெக்கே மோப்பம் பிடித்துவிடுவாள். "காத்து வாங்கிட்டு வரேன்" என்று சைக்கிளை எடுத்தேன். காற்றுக்கா பஞ்சம்? எங்கள் டச்சு மாகாணமான ஃபிரீஸ்லாந்தில் மேடே கிடையாது. அதற்கும் சேர்த்து எதிர்காற்று மல்லுக்கு நிற்கும். அத்தை வீட்டு வாசலில் இறங்கியபோது முழங்கால் அழுதது.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை. ஒரு காபி, ஒரு துண்டு கேக். டப்பென்று டப்பாவை மூடினார். எங்கள் ஊர் வழக்கப்படி காபிக்கு ஒரு துண்டுதான். இரண்டாவது துண்டு கேட்டால் மானம் கப்பலேறிவிடும். அதனால் அந்த ஒரு துண்டை எறும்பு மாதிரி அரித்து அரித்துத் தின்றேன். பிறகு வாரம் தவறாமல் போனேன்.

கோடை வந்தது. எடை மெஷினில் ஏறினேன். ஆறு கிலோ குறைவு!

"பாத்தியா தினெக்கே? மனப்பாரம் போச்சு, உடம்புப் பாரமும் போச்சு! நிபுணர்னா சும்மாவா?"

"ஆமா, ஆமா. ஒரு துண்டு கேக்குக்காக அந்தக் காத்துல அவ்வளவு தூரம் மிதிச்சா யாருக்குத்தான் இறங்காது?"

"உனக்கு எப்படி...?"

"நீங்க தெருமுனை திரும்பினதும் அம்மாவுக்குப் போன் போடுவேன். அப்புறம்தான் காபியே போடுவாங்க."

தோற்றாலும் விடுவேனா? "எல்லாம் தெரிஞ்சுபோச்சு இல்ல? இனிமே ஜம்முனு கார்லயே போறேன்."

"கார்லயா? அம்மா அடுத்த மாசம் பெரியம்மாகூட இருக்க, அவங்க தீவுக்குக் குடி போறாங்க. அங்கே வெளியூர்க் காரை விடமாட்டாங்க."

"அப்போ கேக்கு?"

"அது கிடைக்கும். உங்களுக்கும் சைக்கிளுக்கும் வருஷம் பூரா படகு டிக்கெட் எடுத்தாச்சு."