காஸ் எவ்வளவு வைக்கணும்?

"என்னங்க, கரையான் அரிச்ச மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

மருந்துக்கடைக்காரர் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இரண்டு இரும்புக் குழாய்கள் சேரும் இடத்தில் வழவழவென்று ஓடியிருக்க வேண்டிய வெல்டு, பொட்டுப் பொட்டாய் ஓட்டை விழுந்து கிடந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவருக்கு ஆத்திரம்.

போன மாதம் இதே கையால், இதே மெஷினில் ஒரு செருப்பு ஸ்டாண்டு செய்தார். வாசலில் இன்னும் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. காலமெல்லாம் மாத்திரை எண்ணி உறையில் போட்ட மனிதருக்கு, முதல் தடவையாக ஒரு வேலை கைக்கு வந்திருந்தது. சும்மா இருப்பாரா? வீட்டுக்கு வந்தவர்களைச் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் ஸ்டாண்டின் பெருமையைச் சொல்லிச் சொல்லிக் கொன்றார். அந்தத் தெம்பில்தான், பக்கவாட்டு கேட்டையும் நானே செய்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

பழைய கேட்டைக் கழற்றிப் போட்டாயிற்று. புது சிலிண்டரும் வந்து இறங்கியாயிற்று. புது கேட்டோ எழும்பவில்லை. திறந்து கிடந்த இடத்தில் ஒரு பழைய கட்டிலை நிறுத்தி வைத்திருந்தார்கள். தெருநாய்கள் அதன் கால்களுக்கு நடுவே புகுந்து வந்து, தோட்டத்தில் படுத்து இளைப்பாறிவிட்டுப் போயின. மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு கெடு வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கேட் நிக்கணும். இல்லேன்னா மெஷினை என் தம்பி எடுத்துட்டுப் போகட்டும். அவன் கடையிலயாவது அது உருப்படும்."

அவளுடைய தம்பி நாற்காலி, மேஜை விற்கிறவன். மெஷின் வந்த நாளிலிருந்தே அதன் மேல் அவனுக்கு ஒரு கண்.

மருந்துக்கடைக்காரர் நிதானமாக யோசித்தார். உருகுகிற இரும்பின் மேல் காற்று பட்டால் ஓட்டை விழும். படாமலிருக்கத்தான் சிலிண்டரிலிருந்து காஸ் வந்து அதை மூடிக்கொள்கிறது. ஓட்டை விழுகிறதென்றால் காஸ் போதவில்லை. மெஷினோடு வந்த புத்தகம் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் என்றது. அவரும் அதைத்தான் வைத்திருந்தார். சரி, டோஸ் பத்தவில்லை என்று முடிவு கட்டி, பதினைந்துக்குத் திருகினார். ஓட்டைகள் குறைந்தபாடில்லை.

செல்போனில் வெல்டிங் சொல்லித்தரும் ஒருவர், காஸ் அதிகமானாலும் ஆபத்து, அது சுழன்றடித்து வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும் என்று அடித்துச் சொன்னார். ஆகா, இதுவல்லவா விஷயம் என்று எட்டுக்குக் குறைத்தார். இப்போது ஓட்டையோடு சேர்ந்து கரியும் அப்பிக்கொண்டது. தீப்பொறி நாலா பக்கமும் தெறித்து, அவருடைய ஒரே நல்ல சட்டையைப் பதம் பார்த்தது.

அப்படியானால் காற்றுதான் சத்துரு. ஷெட்டின் மின்விசிறியை நிறுத்தினார். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்தார். இடுக்குகளில் வீட்டுப் போர்வைகளைத் தொங்கவிட்டார். வியர்வை வழிந்து கண்ணை மறைக்க, பற்றவைக்க வேண்டிய இடத்தை விட்டுப் பக்கத்து இடத்தைப் பற்றவைத்தார். பொறி பட்டுப் போர்வையிலும் ஓட்டை. வெல்டில் இருப்பதைப் போலவே, அச்சு அசலாக.

குழாயில் கசிவு இருக்குமோ என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. பாத்திரம் தேய்க்கிற சோப்புதான் தீர்ந்தது. அன்று சாயங்காலம் எச்சில் தட்டுகளோடு மனைவி ஷெட் வாசலில் வந்து நின்றாள். தட்டுகளை மெஷின் மேல் வரிசையாக அடுக்கிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

கடையிலும் மனம் ஓடவில்லை. இருமல் மருந்து கேட்டு வந்த ஒரு பெரியவரிடம், வேளைக்குப் பன்னிரண்டு லிட்டர் என்று சொல்ல, பெரியவர் திடுக்கிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை, போனால் போகிறதென்று ஒரேயடியாக இருபத்தைந்துக்குத் திருகினார். காஸ் புஸ்ஸென்று சீறியது. என்ன ஆச்சரியம், வெல்டு ஓரளவு ஒழுங்காக ஓடியது. ஓட்டை குறைந்திருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூச்சுவிடாமல் எல்லாக் கம்பிகளையும் பற்றவைத்து, மறுநாள் காலையில் கேட்டைத் தூக்கி நிறுத்தி, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "பரவாயில்லையே" என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் ஒரு வருஷம் ஓட்டியிருப்பார்.

அப்போதுதான் மச்சினன் வந்து இறங்கினான். அட, மாமாவே செய்ததா என்று கேட்டபடி கேட்டின் மேல் கையை வைத்தான். நடுக்கம்பி கையோடு வந்துவிட்டது. அதைப் பார்த்து அடுத்ததும் விழுந்தது. பிறகு கேட்டே மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது.

"மாமா, நான் சும்மா தொட்டேன், அவ்வளவுதான்" என்றான் மச்சினன், கம்பியைக் கையில் பிடித்தபடி.

மருந்துக்கடைக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். உடைந்த வெல்டைக் குனிந்து பார்த்தார். உள்ளே பஞ்சு மாதிரி பொத்தல். மனைவிக்கே மனசு கேட்கவில்லை. இன்னும் ஒரு வாரம் வேண்டுமானால் பாருங்கள் என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

"வேண்டாம்மா. எனக்குக் கை வரலை. அந்த ஸ்டாண்டு ஏதோ குருட்டாம்போக்குல அமைஞ்சிருக்கு. நான்தான் பெரிசா நெனச்சுக்கிட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. மெஷினை அவரே ஒரு பக்கம் பிடித்து மச்சினனின் வண்டியில் ஏற்றினார். முகமூடியையும் கையுறையையும் அவன் மடியில் வைத்துக் கொடுத்தார். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்புகிறவரை நின்று பார்த்தார். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, பழைய கட்டிலை மறுபடி இழுத்து நிறுத்தினார்.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. அதில் ஒரு சிலிண்டர். போன வாரம் புது சிலிண்டர் இறக்கிவிட்டுப் போன அதே காஸ் கடை ஆள், தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"சார், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு சிலிண்டரை மாத்தி இறக்கிட்டேன். இதுதான் உங்க வெல்டிங் காஸ். உங்ககிட்ட இருக்கறது பலூனுக்கு அடிக்கிறது. உங்களோடது ஒரு பலூன் கடைக்குப் போயிடுச்சு."

மருந்துக்கடைக்காரர் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் அந்த பலூன்காரர் என்ன செய்தார் என்று மட்டும் எப்படியோ கேட்டார்.

"அவரு பாவம் சார், புதுசா கடை போட்டவரு. ஒரு பலூன்கூட தரையை விட்டு எந்திரிக்கலையாம், தனக்குக் கை வரலைன்னு அழுதுட்டு நேத்தே கடையை மூடிட்டாரு."