நெசவாளியைக் காப்பாற்றிய வாத்தியார்

மாதக் கடைசியில் நெசவாளியைக் கழுவில் ஏற்றிவிடுவார்கள். அதோடு தொலைக்காட்சித் தொடரும் முடிந்துவிடும். வரலாற்று வாத்தியார் அந்த நாளுக்காக ஏங்கிக் கிடந்தார்.

ஒரு மனிதனின் சாவுக்காகக் காத்திருப்பது பாவம்தான். ஆனால் வாத்தியார் படும் பாட்டையும் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் நல்ல விளக்கும் மேசையும் மின்விசிறியும் கூடத்தில்தான் இருந்தன. கூடமோ மூன்று வருஷமாக, மாலை ஆனால், தொலைக்காட்சி ராஜா ஒருவன் வசம். வேறு சாமியைக் கும்பிட்டவர்களை அவன் எண்ணெய்க் கொப்பரையில் தள்ளினான்; யானைக் காலில் இட்டான். அடுத்த முறை நெசவாளிக்கு. முதல் வாரத்தில் வாத்தியார், “இதெல்லாம் அந்த ராஜ்யத்துல கிடையவே கிடையாது” என்று வாயைத் திறந்தார். மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒருமனதாக அவரைச் சமையலறைக்கு நாடு கடத்தினார்கள்.

அன்றிலிருந்து சமையல் மேடையில், ஈரப் பாத்திரங்களுக்கு நடுவில்தான் பரீட்சைத்தாள் திருத்துகிறார். வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணின் விடை பாதி, கழுவிய டம்ளரடியில் கரைந்துபோனது. ஆனாலும் முழு மதிப்பெண் போட்டார். வேறு என்ன செய்வது?

ஒரு மாலை மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“ஏங்க, நெசவாளியை நிஜமாவே கழுவுலதான் ஏத்தினாங்களா?”

வாத்தியாரின் பேனா நின்றது. மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. உருகிப்போனார். நெசவாளி நிஜமாகவே வாழ்ந்தவர், அந்த ராஜ்யத்தில் கழுமரமே இருந்ததில்லை என்றார். அவருடைய வீட்டையும் தறியையும் பிடுங்கினார்கள், பிள்ளைகளைப் பிரித்தார்கள், அவரைக் கோட்டைச் சிறையில் போட்டு மறந்தே போனார்கள். கூட்டம் இல்லை, முரசு இல்லை. அதனால்தான் அதை யாரும் படம் பிடிப்பதில்லை என்றார்.

மனைவி பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“இருக்கட்டும். டி.வி.காரங்க பெரிய படிப்பு படிச்சவங்களைக் கேட்டுத்தான எடுப்பாங்க? நீங்க ஆறாம் வகுப்புக்குத்தான பாடம் எடுக்கறீங்க.”

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. உடனே அந்த நிலையத்தோடு பேச வேண்டும் என்றார். மனைவி தொலைபேசியை நீட்டினாள். மறுமுனையில் ஏற்கெனவே மணி அடித்துக்கொண்டிருந்தது. அது எப்படி என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. ஆதாரங்களோடு அரை மணி நேரம் வெளுத்து வாங்கினார்.

மறுவாரம் அவர்களே கூப்பிட்டார்கள். வாத்தியார் சொன்னதை எல்லாம் சரிபார்த்துவிட்டார்களாம். கழுமரக் காட்சியை நீக்கியாயிற்றாம். நெசவாளி சிறைக்குப் போகிறாராம். ஆகவே தொடர் முடியாதாம். கதை எழுதுபவர் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமாம், கொஞ்சம் இருக்கச் சொன்னார்கள்.

வாத்தியார் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது.

“தொடர் முடியக் கூடாதுன்னா நீயே பேசியிருக்கலாமே?”

“நான் பேசினா, யாரோ ஒரு பொம்பளை அழறாம்பாங்க. வாத்தியார் பேசினா வரலாறும்பாங்க.”

அதற்குள் கதை எழுதுபவர் வந்துவிட்டார். பணிவாகக் கேட்டார்:

“ஐயா, சிறைக்குப் போனப்புறம் நெசவாளி எவ்வளவு காலம் உயிரோட இருந்தாரு?”

வாத்தியாரின் நாக்கு நுனியில் ‘ஒரு மாசம்’ வந்து நின்றது. அதைச் சொன்னால் போதும். விளக்கும் மேசையும் மின்விசிறியும் திரும்பி வந்துவிடும். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவர் ஆயுளில் ஒரு வருஷக் கணக்கைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. அது மனைவிக்கும் தெரியும். அதனால்தான் அவள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நாற்பத்தோரு வருஷம்,” என்றது அவருடைய வாய்.